இருண்ட திரை
(உரும்பிராயில் சங்க இளைஞர்கள் முன்னிலையில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சங்க மேடையொன்றிலே கணினியின் திரை இருண்டுபோவதைப்பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றுவதில் தவறில்லை. எனினும் இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணமுண்டு. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் வின்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழமையான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததான வின்டோஸ் 11, எட்டாந் தலைமுறைக்கு முந்திய இன்ரெல் கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. நம்மூர் வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் ரியூட்டரிகளிலும் இருக்கும் மேசைக் கணினிகளிற் பல இரண்டாங் கையாய் வாங்கியவை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புதியதொன்றை வாங்குவது எல்லோருக்கும் இயலுங் காரியமன்று. ஆகவே நமது பிள்ளைகள் அப்பழைய கணினிகளில் லினக்ஸை ஏற்றி அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுக்கின்றார்கள். நல்ல காரியம், பாராட்டத்தக்க காரியம்.

ஆனால் அடுத்து நடப்பது என்ன? லினக்ஸ் நன்றாகத்தான் ஓடுகின்றது. இரண்டு நாட் கழித்து, படங்கள் இன்னுங் கொஞ்சம் துடிப்பாக ஓடட்டும் என்றோ, விளையாட்டொன்றை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றோ, வரைகலை அட்டைக்குரிய இயக்கியை நிறுவுகின்றார்கள். கணினியை நிறுத்தி மறுபடி இயக்குகின்றார்கள். திரை கறுப்பு. ஐந்து நிமிடம் பார்க்கின்றார்கள், இன்னுங் கறுப்பு. உடனே பென் டிறைவைச் செருகி "போமற்" பண்ணிவிடுகின்றார்கள். அரை மணித்தியாலத்தில் புதிய லினக்ஸ் வந்துவிடுகின்றது. பழையதோடு இருந்தவையெல்லாம் போய்விடுகின்றன.

போனவை யாவை என்று கேட்டுப் பார்த்தோம். ஒரு வீட்டில், தகப்பனாரின் அந்தியேட்டிக் கல்வெட்டுக்காகச் சேர்த்துவைத்த படங்கள். இன்னோரிடத்தில், பழைய மலர்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்த கோப்புகள். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதை இவ்வவையில் யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் திட்டத்தார் நமது நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் ஆக்கி இணையத்தில் வைத்து வருகின்றார்கள். அப்படிப்பட்ட ஊரவர்களாகிய நாம், ஓர் இயக்கி பொருந்தவில்லை என்பதற்காக நமது கையாலேயே கோப்புகளை அழிப்பது பொறுக்கக்கூடியதா? அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

நம்முடையது செம்மண் பூமி. தோட்டக்காரர் வாழும் ஊர். நீரிறைக்கும் யந்திரத்தை யாவரும் அறிவீர்கள். யந்திரம் சத்தமிட்டு ஓடுகின்றது; வாய்க்காலிலே தண்ணீர் இல்லை. அப்போது கிணற்றைத் தூர்த்துவிட்டு வேறு கிணறு வெட்டுவாருண்டோ? குழாயிற் காற்றுப் புகுந்ததா, அடியிலுள்ள வால்வு பிடிக்கவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். திரை இருண்ட கணினியும் பெரும்பாலும் அந்நிலையில்தான் இருக்கின்றது. யந்திரம் ஓடுகின்றது, தண்ணீர் வரவில்லை. அவ்வளவே.

இனி, இயக்கி என்பது யாது? ஆங்கிலத்தில் "றைவர்" என்பர். நம் நாட்டிலே றைவர் என்றால் சாரதி. பொருள் அவ்வளவு தூரமானதுமன்று. லினக்ஸின் நடுவில் "கேர்னல்" எனப்படும் கரு ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டு பின்லாந்து தேசத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அதுவே. கணினியிற் பொருத்திய ஒவ்வொரு உறுப்போடும் பேசுவதற்கு அக்கருவினுள் ஒவ்வோர் இயக்கி வேண்டும். வரைகலை அட்டையின் மொழி தெரிந்த இயக்கி கருவினுள் ஏறாவிட்டால், அட்டை இருந்தும் இல்லாததே.

இவ்விடத்தில் மூன்று கம்பனிகளைப்பற்றிக் கூறவேண்டும். இன்ரெல் வரைகலைக்குரிய இயக்கி கருவோடு கூடவே வருகின்றது; நிறுவவேண்டியது எதுவுமில்லை. ஏ.எம்.டி. கம்பனி 2006இல் ஏ.ரி.ஐ. கம்பனியை வாங்கி, 2007இல் தனது அட்டைகளின் நுட்ப விபரங்களை வெளியிடத் தொடங்கியது; அதன் புதிய இயக்கி 2015 முதல் கருவிலேயே இடம்பெற்றது. ஆகவே இவ்விரண்டையும் வைத்திருப்போர், இணையத்திலே ஏதாவது இறக்கி நிறுவ முனையாதிருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

தொல்லையிற் பெரும்பங்கு என்விடியா அட்டைகளைச் சார்ந்தது. அக்கம்பனி தன் இயக்கியின் மூலநிரலை நெடுங்காலம் மூடியே வைத்திருந்தது. 2012ஆம் ஆண்டு பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டமொன்றிலே டோர்வால்ட்ஸ் அக்கம்பனியை ஏசிய ஏச்சு உலகப் பிரசித்தம். இச்சபையில் எடுத்துச் சொல்லத் தக்கதன்று. இதற்கிடையில் தன்னார்வலர் சிலர், அட்டை எவ்வாறு நடந்துகொள்கின்றது என்று வெளியிலிருந்தே கவனித்துக் கவனித்து "நூவோ" என்னும் திறந்த இயக்கியை எழுதினர். நூவோ என்றால் பிரெஞ்சு மொழியிற் புதியது என்பது பொருள். 2010ஆம் ஆண்டு அது கருவினுள் சேர்ந்தது. கம்பனியாரும் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது கருப்பகுதி நிரலைத் திறந்துவிட்டனர். ஆயினும் அது ரியூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமான அட்டைகளுக்கே உதவும். நம்மிடமுள்ள பழையவற்றுக்கு அதனாற் பயனில்லை.

இனிக் காரியத்துக்கு வருவோம். கட்டளைகளை ஆங்கில எழுத்திலே பலகையில் எழுதிவைத்திருக்கின்றோம். பேச்சில் அவற்றின் ஒலியை மாத்திரம் கூறுவோம்.

திரை கறுத்ததும் முதலிற் செய்யவேண்டியது, எப்போது கறுத்தது என்று பார்த்தல். கணினியின் ஆளியைப் போட்டவுடன் தோன்றும் கம்பனிச் சின்னங்கூடத் தெரியவில்லையாயின் அது இயக்கியின் பிழையன்று; இயக்கி அதற்குப் பின்னரே வருகின்றது. கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். தாய்ப்பலகையிலும் மொனிற்றர் வயர் செருகும் துளை இருக்கும். தனியாகப் பூட்டிய அட்டையிலும் இருக்கும். தூசு தட்டியவர் வயரைக் கழற்றி மற்றத் துளையில் மாட்டிவிட்டிருப்பார். இதற்காகக் கணினியைத் திருத்துமிடத்துக்கு ஓட்டோவில் ஏற்றிச் சென்றவர்களையும் யாம் அறிவோம்.

சின்னம் தோன்றிப் பின் கறுத்ததாயின், விசைப்பலகையிலே கப்ஸ் லொக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றது. கொன்ட்ரோல், ஓல்ட் ஆகிய இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப் 3ஐ அழுத்தினால், பலவேளைகளில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கேட்டுவிட்டால் வீட்டுக் கதவு திறந்ததென்றே கொள்ளலாம்.

அதுவும் நிகழாவிடின் கணினியை மறுபடி இயக்கும்போது எஸ்கேப் விசையை, பழைய கணினியாயின் ஷிப்ட் விசையை, அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதிலே நின்று 'ஈ' எழுத்தை அழுத்தினால் சில வரிகள் தோன்றும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓரிடம் விட்டு "நோமோட்செட்" என்று சேர்த்து, எஃப் 10ஐ அழுத்துங்கள். கருவை நோக்கி, "திரையின் அமைப்பை நீ மாற்றாதே, கணினி எழும்பும்போது இருந்தபடியே விட்டுவிடு" என்று சொல்வதே அச்சொல்லின் கருத்து. எழுத்துப் பெரிதாகவும் படம் மங்கலாகவும் வரலாம், ஆனால் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நோமோட்செட் என்பது முறிந்த காலுக்குக் கொடுக்கும் கைத்தடி, காலன்று. இவ்வாறு சேர்ப்பது அந்த ஒரு முறைக்கே நிற்கும். சிலர் இணையத்திற் படித்துவிட்டு அதனை நிரந்தரமாகவே எழுதிவைத்துவிடுகின்றனர். அதன்பின் வரைகலை அட்டை சும்மா இருக்க, படம் வரையும் வேலை முழுவதையும் கணினியின் மூளையே சுமக்கின்றது. ஆறு மாதங் கழித்து வந்து, "லினக்ஸ் மெதுவாக ஓடுகின்றது" என்று குறை கூறுகின்றனர். கணினியின் விபரப் பக்கத்தில் வரைகலை என்ற இடத்தில் "எல்எல்விஎம்பைப்" என்று காணப்பட்டால் இதுவே நிலை என்று அறிந்துகொள்க.

இன்னொன்று. "போமற்" பண்ணக் கொண்டுவந்த அந்தப் பென் டிறைவே கோப்புகளைக் காக்கவும் வல்லது. உபுண்டுவின் பென் டிறைவை மாட்டி இயக்கினாற் பட்டியலிலே "பாதுகாப்பான வரைகலை" என்னும் பொருள்பட ஒரு தெரிவு உண்டு. அதனைத் தெரிந்து, நிறுவாமல், பரீட்சித்துப் பார்க்கும் வழியிற் சென்றால், வட்டிலுள்ள கோப்புகளைத் திறந்து வேறொரு வட்டிற்குப் பிரதி பண்ணலாம். வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இதுவொன்று நின்றாற் போதும்.

உள்ளே சென்றாயிற்று. இனி என்ன பிழை என்று கணினியையே கேட்கவேண்டும். "எல் எஸ் பி சி ஐ" என்னும் ஐந்தெழுத்தும், ஓரிடம் விட்டு ஒரு சிறு கோடும் 'கே' எழுத்தும் இட்டால், பூட்டியிருக்கும் அட்டையின் பெயரும் அதற்கு எந்த இயக்கி பணியாற்றுகின்றது என்பதும் வரும். இருவரிகளை வேறுபடுத்தி வாசிக்கவேண்டும். ஒரு வரி, பயன்பாட்டிலுள்ள இயக்கியைக் கூறும். மற்றது, இருக்கத்தக்க இயக்கிகளைக் கூறும். இரண்டாவது வரியில் என்விடியா என்று கண்டு, "இயக்கி ஏறிவிட்டது" என்று மகிழ்வோர் பலர். முதல் வரியே இல்லையென்பதைக் கவனியார்.

அட்டையின் பெயரோடு வரும் ஈரெழுத்துக் குறியையும் கவனிக்கவேண்டும். என்விடியா கம்பனி தன் அட்டைகளின் தலைமுறைகளுக்கு விஞ்ஞானிகளின் பெயர்களைச் சூட்டியது: டெஸ்லா, பெர்மி, கெப்ளர், மக்ஸ்வெல், பஸ்கால், ரியூரிங் என்று. ஜி.எஃப். என்று தொடங்கினாற் பெர்மி, ஜி.கே. என்றாற் கெப்ளர், ஜி.எம். மக்ஸ்வெல், ஜி.பி. பஸ்கால். இது வெறும் அலங்காரமன்று. ஜிபோர்ஸ் 210 என்னும் டெஸ்லாத் தலைமுறை அட்டைக்கு 340 என்னும் வரிசை இயக்கியே இறுதியானது. அதற்குரிய ஆதரவு 2019இன் முடிவோடு நின்றது. ஜி.ரி. 610 பெர்மி, 390 வரிசை, 2022இன் முடிவோடு நின்றது. ஜி.ரி. 710 கெப்ளர், 470 வரிசை, 2024இல் நின்றது. மக்ஸ்வெல், பஸ்கால் ஆகியவற்றுக்கு 580 வரிசையே கடைசி என்று 2025இல் அறிவித்தனர்.

ஜி.ரி. 730 என்னும் அட்டையோ பெரும் மாயக்காரன். அப்பெயரிலே பெர்மியும் உண்டு, கெப்ளரும் உண்டு. பெட்டியிலே ஒரே பெயர். உள்ளே இரு வேறு சாதி. ஒரு நண்பருக்கு ஓடிய இயக்கி மற்றவருக்கு ஓடவில்லையென்றால் இருவர் மீதுங் குற்றமில்லை. பெட்டியைப் பாராமல் அந்த ஈரெழுத்தைப் பாருங்கள்.

பொருந்தாத புதிய இயக்கியை ஏற்றினால் அது வாய்மூடி இருப்பதுமில்லை. கருவின் குறிப்பேட்டிலே, "இக்கணினியிலுள்ள அட்டைக்கு 470 வரிசைப் பழைய இயக்கியே உரியது, இந்த இயக்கி இவ்வட்டையைப் பொருட்படுத்தாது" என்னுங் கருத்தில் தெளிவாக எழுதிவைக்கின்றது. திரை கறுத்தபோது எழுதப்பட்ட அக்குறிப்பைப் பின்னர் வாசிப்பதற்கு "ஜேர்ணல்சிரிஎல்" என்ற கட்டளை உண்டு. அதனோடு சேர்க்கும் குறிகளைப் பலகையிற் காண்க. முந்திய முறை கணினி எழும்பியபோது நடந்தவற்றை அது ஒப்பிக்கும். எத்தனையோ பேர் இரவிரவாக இணையத்திலே தேடிய விடை, தங்கள் கணினிக்குள்ளேயே நல்ல ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கிடந்தது.

அட்டைக்கேற்ற இயக்கிதான், ஆனாலும் ஏறவில்லை என்றால், கருவின் புதுப்பிப்பைச் சந்தேகியுங்கள். நேற்று ஓடியது, புதுப்பித்தபின் இன்று ஓடவில்லை என்பது இதன் அடையாளம். மூடிய இயக்கியை ஒவ்வொரு புதிய கருவுக்கும் ஏற்பத் திரும்பக் கட்டவேண்டும். அதனைத் தானாகச் செய்வதற்கு "டி.கே.எம்.எஸ்." என்னும் ஏற்பாடு உண்டு. அந்தக் கருவுக்குரிய தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டாலோ, பழைய இயக்கியின் நிரல் புதிய கருவுக்கு ஒவ்வாவிட்டாலோ கட்டுமானம் பாதியில் நிற்கும். அப்போது முன்சொன்ன பட்டியலில் மேலதிகத் தெரிவுகளுக்குச் சென்று பழைய கருவைத் தெரிந்து இயக்கலாம். பழைய கருவை உடனே நீக்கிவிடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

செக்கியூர் பூட் என்னும் பூட்டு இன்னொரு காரணம். கையொப்பமில்லாத எதனையும் கருவினுள் ஏறவிடாத காவல் அது. உபுண்டுவில் இயக்கியை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கும்படி கேட்கும். மறுபடி இயக்கும்போது நீலத்திரையொன்று தோன்றிப் பத்து விநாடிதான் காத்திருக்கும். அதிலே புதிய சாவியைப் பதிவுசெய்யும் தெரிவை எடுத்து, முன்பு அமைத்த கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். நமது பிள்ளைகள் நீலத்திரையைக் கண்டதும் ஏதோ கோளாறு என்றெண்ணித் தொடரும் விசையை அழுத்திவிடுகின்றனர். அல்லது தேநீர் குடித்துவிட்டு வருகின்றனர். இயக்கி வாசலிலேயே நின்றுவிடுகின்றது. பூட்டையே அகற்றிவிடு என்று சிலர் ஆலோசனை கூறுவர். பலர் கைவைக்கும் வாசிகசாலைக் கணினியில் அதனை யாம் விரும்பவில்லை. சாவியைப் பதிவதற்கு ஒரு நிமிடமே செல்லும்.

மின்சாரத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தமையால் நாடு முழுவதும் இருண்டதென்று அமைச்சரே கூறினார். நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இயக்கி பாதி ஏறியும் பாதி ஏறாமலும் நிற்கும். அதனை முடித்துவைக்கவும் ஒரு கட்டளை உண்டு, பலகையில் நான்காவது. ஆயினும் யு.பி.எஸ். இல்லாத கணினியில் மழை இருட்டும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதிருப்பதே நன்று.

எல்லாவற்றிலும் சிக்கலானது, இரண்டு இடத்திலிருந்து இயக்கியை எடுத்தலாகும். முதலிற் கம்பனியின் தளத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி நிறுவுவர். சரிவராதென்று கண்டு, உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து மற்றொன்றை அதன்மேல் ஏற்றுவர். பின்பு செயற்கை நுண்ணறிவைக் கேட்டு அது சொன்ன பத்துக் கட்டளைகளையும் பொருள் தெரியாமலே ஒட்டுவர். ஒன்றின் கோப்பை மற்றொன்று மிதிக்கும். நீக்கினாலும் முற்றாக நீங்காது. கம்பனிக் கோப்பு நிறுவும்போது, நூவோவைத் தடைசெய்யும் சிறு கோப்பொன்றையும் எழுதிவைத்திருக்கும். அது எஞ்சியிருந்தால் என்விடியாவும் இல்லை, நூவோவும் இல்லை. சாரதியே இல்லாத பஸ். ஆகவே கம்பனிக் கோப்பால் நிறுவியதை அதன் நீக்கும் கட்டளையாலேயே நீக்குக. பின் களஞ்சியத்திலிருந்து வந்த என்விடியாப் பொதிகளை நீக்குக. தடைக்கோப்பு இருந்தால் அழித்து, தொடக்கப் படிமத்தைப் புதுப்பித்து, மறுபடி இயக்குக. நூவோ திரும்பி வரும். வந்தபின் வேண்டுமாயின் ஒரே இடத்திலிருந்து, உபுண்டு பரிந்துரைக்கும் வரிசையை நிறுவுக.

வேண்டுமாயின் என்றோம். வேண்டுமா என்பதே கேள்வி. கடிதம் தட்டவும், பத்திரிகை படிக்கவும், பாடக் காணொளி பார்க்கவும், பழைய மலர்களைப் படமெடுத்து அடுக்கவும் ஜி.ரி. 610க்கு நூவோ போதும். ஆதரவு நின்றுபோன மூடிய இயக்கியை நாள்தோறும் மாறும் கருவோடு இழுத்துக்கட்டுவதிலும் நூவோவோடு இருப்பதே மேலென்பது எமது துணிபு. முப்பரிமாண வேலை செய்வோரும், அட்டையாற் கணக்குப் போடுவோரும் வேறு. அவர்களுக்குக் கம்பனி இயக்கி வேண்டும், அதற்கேற்ற புதிய அட்டையும் வேண்டும். வாங்கப்போகும் தம்பிமார் மொனிற்றரின் துளையையும் பார்த்துச் செல்க. ஜி.ரி.எக்ஸ். 1000 வரிசை முதலாகப் பழைய வி.ஜி.ஏ. வயருக்கான சைகை அட்டையிலிருந்து வருவதில்லை; அதற்கு மின்மாற்றித் துண்டு தனியே வேண்டும்.

பிறரிடம் உதவி கேட்கும்போது "திரை வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அட்டையின் ஈரெழுத்துக் குறி, லினக்ஸின் பெயரும் பதிப்பும், கருவின் இலக்கம், இயக்கியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது, கடைசியாக மாற்றியது யாது என்பது ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுவாருங்கள். கணினிக்குப் பக்கத்திலே அந்தக் கொப்பி கிடக்கட்டும். தொடுபவர் ஒவ்வொருவரும் திகதியிட்டு எழுதட்டும்.

பேச்சு நீண்டுவிட்டது. வாசிகசாலைக் கணினியை இம்மேசையிற் கொண்டுவந்து வைத்திருக்கின்றோம். கோப்புகள் யாவும் நேற்றே பிரதி பண்ணப்பட்டுவிட்டன. இப்போது அதில் வேண்டுமென்றே பொருந்தாத இயக்கியொன்றை ஏற்றித் திரையைக் கறுக்கச் செய்வோம். பின்வரிசையில் இருப்போர் முன்னே வரலாம். முதலில் அந்த ஈரெழுத்தைத் தேடிச் சொல்ல யாராவது ஒரு தம்பியோ தங்கையோ விசைப்பலகைக்கு வாருங்கள்.